காட்டுக்கு ஒரு முதுகலை

புலியை எண்ணக் கற்றவர்கள் ஒரு பக்கம், காட்டைப் பற்றி முடிவெடுப்பவர்கள் இன்னொரு பக்கம். காட்டுயிர் மேலாண்மைப் படிப்பின் பெருமையும் சங்கடமும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004-ல்கூடக் கணக்கேட்டில் புலிகள் இருந்தன. காட்டில்தான் இல்லை. 2005 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. கள்ள வேட்டைக்காரர்கள் புலிகளைத் துடைத்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். 2008-ல் ரணதம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைத் தூக்கிவந்து விட்டுத்தான் அந்தக் காட்டுக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏடு எப்படிப் பொய் சொன்னது? அப்போது புலிகளைக் காலடித் தடத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்துகொள்வார்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சும் எடுப்பார்கள். அதைப் பார்த்து ‘இது இன்ன புலி’ என்பார்கள். மணலில் நடந்தால் ஒரு மாதிரி, சேற்றில் நடந்தால் வேறு மாதிரி தடம் விழும். ஒரு புலி இரண்டு புலியாவது அங்கே பெரிய காரியமல்ல.

இதைவிட நல்ல வழி தெரியாமல் இல்லை. எந்த இரண்டு புலிக்கும் உடல் வரி ஒன்றுபோல் இருப்பதில்லை. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் தானியங்கிக் கேமராக்களை வைத்து, வரிகளால் புலிகளை அடையாளம் கண்டு, புள்ளியியல் வழியில் எண்ணிக்கையை மதிப்பிடும் முறையைப் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1995-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 1988 முதலே காட்டுயிர் அறிவியலில் முதுகலைப் படிப்பு நடத்திவந்தது. அறிவு இருந்தது. அது அரசின் மேசைக்குப் போய்ச்சேரப் பத்து ஆண்டுகள் ஆயின, ஒரு சரிஸ்காவும் பலியாக வேண்டியிருந்தது.

சுற்றுச்சூழலாளர் சுனிதா நாராயண் தலைமையில் 2005-ல் புலிகள் பாதுகாப்புக்கான பணிக்குழு அமைந்தது, தடக் கணக்கு கைவிடப்பட்டது. 2001-02-ல் 3,642 என்று சொல்லப்பட்ட நாட்டின் புலிகள் எண்ணிக்கை, புதிய முறையில் 2006-ல் 1,411 ஆனது. 2022 கணக்கெடுப்பின் சராசரி 3,682. இருபது ஆண்டு இடைவெளியில் ஏறத்தாழ அதே எண்தான். ஆனால், இன்றைய எண்ணுக்குப் பின்னால் புகைப்படங்கள் இருக்கின்றன. கேள்வி கேட்கலாம், சரிபார்க்கலாம்.

கண்ணில் படாததையும் எண்ணுவது

காட்டுயிர் முதுகலை என்றதும் ஜீப், பைனாகுலர், புலி தரிசனம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. முதல் பருவத்திலேயே புள்ளியியல் அவர்களைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும்.

‘ட்ரான்செக்ட்’ என்று ஒரு பயிற்சி. காட்டுக்குள் நேர்கோடாகப் போட்ட பாதையில் விடிந்ததும் இருவர் சத்தமில்லாமல் நடப்பார்கள். புள்ளிமான் கூட்டம் தெரிகிறதா? நின்று தலைகளை எண்ண வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம், காம்பஸில் கோணம். இரண்டையும் வைத்து, அந்தக் கூட்டம் பாதையிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் தள்ளி நின்றது என்று கணக்குப் போட வேண்டும். பாதையை ஒட்டி நிற்பது எதுவும் கண்ணுக்குத் தப்பாது. தள்ளிப் போகப் போகப் புதர் மறைக்கும், தப்புவது கூடும். எந்த அளவில் கூடுகிறது என்று பார்த்தால், பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று மதிப்பிட்டுவிடலாம். கண்ணில் பட்டதை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் பாலபாடம்.

இதோடு 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உண்ணிச்செடி போன்ற அயல் தாவரங்களின் படையெடுப்பு, மனித-விலங்கு மோதல் எனப் பாடங்கள் விரியும். கடைசியில் ஒரு களஆய்வு. அதற்காக மாதக்கணக்கில் காட்டோரமே வாசம்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இந்தப் படிப்புக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிறு குழுவாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தமிழ்நாட்டில் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் காட்டுயிர் உயிரியல் முதுகலைக்குப் பெயர்போனவை.

டேராடூன் நிறுவனத்தின் ஆரம்பகால ஆசிரியர்களில் முக்கியமானவர் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி.ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூர் போய்ச் செந்நாய்களின் பின்னால் நடந்தார். 1985-ல் டேராடூன் போன பிறகு தலைமுறை தலைமுறையாக மாணவர்களையும் நடக்க வைத்தார். 2024-ல் அவர் மறைந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் ஆய்வாளர்களும் இருந்தார்கள், வனத்துறை உயரதிகாரிகளும் இருந்தார்கள். இந்த இரு தரப்புக்கும் ஒரே ஆசிரியர் அமைவது அபூர்வம்.

பஸ் இறங்கிய பிறகு

எண்ணத் தெரிந்தால் மட்டும் மேலாண்மை வந்துவிடாது. அதற்கு வால்பாறையைப் பார்க்க வேண்டும். ஆனைமலைக் காடுகளுக்கு நடுவே சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலைத் தோட்டங்கள். யானைகள் காட்டிலிருந்து காட்டுக்குத் தோட்டம் வழியாகத்தான் போயாக வேண்டும். அரிசிக்காக ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் உடைக்கும். ஆட்கள் இறப்பார்கள். உடனே எழும் கோரிக்கை: ‘யானையைப் பிடித்துக்கொண்டு போ!’

இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் யானை நிற்பது தெரியாமலே அதன் எதிரில் போய்ச் சிக்கியவர்கள். பிரச்சினை யானையின் மூர்க்கம் அல்ல, தகவல் இல்லாததுதான். அப்படியானால் மருந்தும் தகவல்தான்.

உள்ளூர் கேபிள் டி.வி.யில் யானை நிற்கும் இடம் ஓடும் எழுத்தில் வந்தது. பிறகு செல்போனுக்குக் குறுஞ்செய்தி. போன் இல்லாதவர்களுக்காகக் கம்பத்தில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை இருந்தால் அது எரியும். பஸ்ஸில் வேலை முடிந்து வருபவர், இறங்கி லயன் வீட்டுக்கு நடக்கும் முன்பே சுதாரித்துக்கொள்ளலாம். அந்த விளக்கை செல்போன் மூலம் எரியவிடும் பொறுப்பு ஊர்க்காரர்களிடமே தரப்பட்டது. இந்த வேலைக்காக அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் ஆனந்த குமார் 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார்.

யானைக்கு எதுவும் செய்யவில்லை. மாற்றியது மனிதர்களுக்குச் செய்தி போய்ச்சேரும் வழியை மட்டுமே. இதை எந்தப் புள்ளியியல் பாடமும் சொல்லித்தராது. ஆனால், மரணங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு இது தோன்றியும் இருக்காது.

யார் கையில் பேனா?

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? தொண்டு நிறுவனம், ஆய்வுத் திட்டம், முனைவர் பட்டம், அல்லது புலிகள் காப்பகத்தில் ஒப்பந்த உயிரியலாளர் வேலை. திட்டத்துக்குப் பணம் வரும்வரை சம்பளம். காப்பகத்தின் மேலாண்மைத் திட்டத்துக்குத் தரவு கொடுப்பவர் அவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர்.

அந்த வேறொருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வன அதிகாரிக்குத் தீத்தடுப்பு, ஆக்கிரமிப்பு, நீதிமன்ற வழக்கு, வி.ஐ.பி. வருகை என்று ஆயிரம் வேலை. அவர்களுக்காகவே டேராடூனில் பத்து மாத முதுகலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. ஆனால், அதை முடித்து வருபவர் காட்டுயிர்ப் பொறுப்பிலேயே நீடிப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. அடுத்த மாறுதல் உத்தரவு அவரை மரக் கிடங்குக்கும் அனுப்பலாம், தலைமையகத்துக்கும் அனுப்பலாம்.

சரிஸ்காவில் நடந்தது இந்த இடைவெளியின் விலை. கேமராவும் கணக்கும் தெரிந்தவர்களுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரத்தில் இருந்தவர்கள் தடத்தை விடவில்லை. இன்று முறை மாறிவிட்டது. நாற்காலிகள் மாறவில்லை.

ஒவ்வொரு புலிகள் காப்பகத்திலும் காட்டுயிர் அறிவியல் படித்தவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும், அவர் கருத்தை ஏற்காவிட்டால் காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும் என்ற விதியும் வேண்டும். முதுகலை மாணவரும் ஒரு பருவத்தையாவது வனச்சரக அலுவலகத்தில் கழிக்க வேண்டும். வாழைத்தோட்டத்தை யானையிடம் இழந்தவர் இழப்பீட்டு மனுவோடு வந்து நிற்கும்போது, எதிரே உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த மனுவுக்கு ஒழுங்காகப் பதில் எழுதத் தெரிந்தவரிடம் காட்டை நம்பி ஒப்படைக்கலாம்.