ஐந்து மேயர்கள் வரலாம், அதிகாரம் வருமா?

பெங்களூரு: ஒரே மாநகராட்சியின் கீழ் இருந்த பெங்களூரு, 2025 செப்டம்பர் 2-ம் தேதி மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என 5 மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. தமிழர்கள் அதிகம் வாழும் சிவாஜிநகர் தொகுதி மத்திய மாநகராட்சியில் சேர்ந்தது. இவற்றின் முதல் மேயர்களாக அமர்வோருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கும் என்ற கேள்வி எழுந்துள்ளது.

இதற்கு விடை காண, 2007-ல் உருவான பெருநகர மாநகராட்சியின் வரலாறே போதும். அதன் முதல் தேர்தல் 3 ஆண்டு தாமதமாக, 2010 மார்ச்சில்தான் நடைபெற்றது. 198 வார்டுகளில் 111-ஐ பா.ஜ. கைப்பற்ற, எஸ்.கே.நடராஜ் முதல் மேயரானார். மேயரின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. துறைகளைப் புரிந்துகொள்வதற்குள் நாற்காலியைக் காலி செய்யும் நிலை.

2015 தேர்தலில் பா.ஜ. 100 வார்டுகளிலும், காங்கிரஸ் 76-லும், மதச்சார்பற்ற ஜனதா தளம் 14-லும் வென்றன. ஆனால், மேயர் தேர்தலில் எம்.எல்.ஏ., எம்.பி., எம்.எல்.சி.க்களுக்கும் வாக்குரிமை இருந்ததால், காங்கிரஸ் - ம.ஜ.த. கூட்டணியே மேயர் பதவியைப் பிடித்தது. வார்டு மக்கள் அளித்த தீர்ப்பு மன்றத்தில் மாறிப்போனது.

அந்த மன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பரில் முடிந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம். ஆயினும், மாநகராட்சி பிரிக்கப்படும் வரை அரசு நியமித்த அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினர். இதில் தமிழகமும் விதிவிலக்கல்ல. 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சியிலும் மக்கள் பிரதிநிதிகள் இல்லை.

புதிய சட்டம் மேயரின் பதவிக்காலத்தை 30 மாதங்களாக உயர்த்தியுள்ளது. இது வரவேற்கத்தக்க மாற்றம். அதேநேரம், 5 மாநகராட்சிகளுக்கும் மேலாக, முதல்வரைத் தலைவராகக் கொண்ட பெருநகர பெங்களூரு ஆணையத்தையும் அச்சட்டம் அமைத்துள்ளது. குடிநீர் வாரியம், வளர்ச்சி ஆணையம், நகரப் பேருந்துக் கழகம் ஆகியவை நெடுங்காலமாகவே மாநில அரசின் அமைப்புகள்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு மக்கள் கவுன்சிலர் வீட்டு வாசலில்தான் நிற்பர். முடிவெடுக்கும் இடமோ விதான சவுதா. மாநில அரசுகள் இந்த இடைவெளியைக் குறைக்க முன்வராதவரை, மேயர்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் உள்ளாட்சிக்கு வலு வந்துவிடாது.