கழலைச் சத்திரசிகிச்சைக்குப் பின் கை குறண்டினால்

கழுத்துக் கழலைக்காகத் தைரொயிட் சுரப்பியை முழுவதும் அகற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு, முதல் மூன்று நாட்களுக்குள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போலிருக்கும். பின்னர் கைவிரல்கள் குறண்டிக்கொள்ளும். வாதம் என்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டிருக்கக் கூடாது. இது பெரும்பாலும் இரத்தத்தில் கல்சியம் குறைந்ததன் அடையாளம்.

தைரொயிட்டின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பராதைரொயிட் என்பது இவற்றின் பெயர். இரத்தத்தில் கல்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கவனிப்பவை இவையே. கத்தி எவ்வளவு பக்குவமாகப் பட்டாலும், சிலவேளை இவற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து அவை சோர்ந்துவிடும். அநேகருக்குச் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் தேறிவிடும், சிலருக்குத் தேறுவதேயில்லை.

"நாள் முழுதும் வயலில் வெயில் குடிக்கும் எங்களுக்கு விற்றமின் டி குளிசை எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். உணவிலுள்ள கல்சியம் குடலிலிருந்து இரத்தத்தில் சேர விற்றமின் டி வேண்டும். வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் விற்றமின் டி குற்றாத நெல்லைப் போன்றது, அப்படியே உதவாது. ஈரலும் அதன்பின் சிறுநீரகமும் அதைப் பதப்படுத்த வேண்டும். சிறுநீரகத்தை அந்த வேலைக்கு ஏவுவது பராதைரொயிட் சுரக்கும் ஓமோன். அது இல்லாதபோது நெல் இருந்தும் ஆலை ஓடாத கதைதான். கல்சிற்றியோல், அல்பாகல்சிடோல் என வைத்தியர் தரும் குளிசைகள் சிறுநீரகத்தின் அந்த வேலை முடிந்தே வருபவை. ஆகவே நெத்தலி, குரக்கன், எள்ளு, தயிர் எல்லாம் நல்லவையே என்றாலும் குளிசைக்கு ஈடாகா.

குளிசை எடுக்கும் நேரமும் முக்கியம். தைரொட்சின் குளிசையைக் காலையில் வெறுவயிற்றில் எடுங்கள். கல்சியம் காபனேற்றைச் சாப்பாட்டுடன், தைரொட்சின் எடுத்து நான்கு மணித்தியாலமாவது கழித்து எடுங்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைரொட்சின் உடலில் சரியாகச் சேராது.

சுகம் வந்துவிட்டதென்று தாமாக நிறுத்துவதும், குறண்டியதென்று தாமாகக் கூட்டுவதும் ஆபத்து. அளவு மிஞ்சினால் தாகம், ஓங்காளம், மலச்சிக்கல் வரும். நாளடைவில் சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். இரத்தப் பரிசோதனை பார்த்தே அளவு மாற்றப்படும்.

இடம்பெயரும் குடும்பங்களில் முதலில் தவறிப்போவது கிளினிக் கொப்பிதான். அதை அடையாள அட்டையுடன் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். குளிசைகளின் பெயரையும் அளவையும் வேறொரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுங்கள். புதிய இடத்தில் குளிசை முடியும்வரை காத்திராமல், கையில் ஒரு கிழமைக்கு இருக்கும்போதே கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள். தொண்டை இறுகினால், மூச்சு இரைந்தால், வலிப்பு வந்தால் இரவு பகல் பாராமல் உடனே கொண்டுபோக வேண்டும். தைரொயிட் அகற்றியவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.