படம் விட்டு விட்டு ஓடுகிறதா? பணத்தை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, பில் போடுவதற்கென்றே நம்மில் பலர் கம்ப்யூட்டர் வாங்கினோம். புதிதாக வாங்கியவர்களும் உண்டு. பெரிய கம்பெனிகள் கழித்த மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும் உண்டு. அந்த மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை அல்ல. விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு உதவியும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆகவே கடைக்குப் புது மெஷின் வந்துவிட்டது. பழையது வீட்டுக்குப் போய், ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டிவியோடு சேர்ந்து, படம் பார்க்கும் பெட்டியாகிவிட்டது. நல்ல யோசனைதான். அனுப்புமுன் கடைக் கணக்குகளைப் பிரதி எடுத்துக்கொண்டு அதிலிருந்து அழித்துவிடுங்கள். பேங்க் பணப் பரிமாற்றத்தையும் இனி அதில் செய்ய வேண்டாம்.

வீட்டுக்குப் போன பத்தாம் நாளே புகார் வருகிறது. படம் விட்டு விட்டு ஓடுகிறது, பேச்சு முன்னே போகிறது, வாய் பின்னே அசைகிறது என்கிறார்கள். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் ஒருவர் ரேம் போடச் சொல்கிறார், இன்னொருவர் எஸ்.எஸ்.டி. போடச் சொல்கிறார், மூன்றாமவர் மெஷினையே மாற்றச் சொல்கிறார். மூன்றுக்கும் பணம் நம்முடையது. இருந்தும் எங்கே குறை என்று பார்த்துவிட்டுச் சொல்பவர் குறைவு.

நம் தொழிலில் 100 மூட்டை கிளம்பி 97 வந்து சேர்ந்தால், உடனே லாரிக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஏற்றிய இடம், வந்த வழி, இறக்கிய இடம் மூன்றையும் தனித்தனியே பார்ப்போம். இதிலும் அதே முறைதான். படம் டிஸ்க்கிலிருந்தோ இன்டர்நெட்டிலிருந்தோ வந்து சேர வேண்டும். வந்ததை மெஷின் பிரிக்க வேண்டும். பிரித்ததை டிவி சரியான தாளத்தில் காட்ட வேண்டும். பெரும்பாலும் தகராறு நடுவில் உள்ள பிரிக்கும் வேலையில்தான். எனவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முழு எச்.டி. படத்தின் ஒரு சட்டத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. நம் ஊர் டி.வி.டி.யில் 720 பெருக்கல் 576, அதாவது 4,14,720. சரியாக ஐந்து மடங்கு. இப்படி வினாடிக்கு 24 சட்டங்களுக்குக் குறையாமல் வர வேண்டும். இதை அப்படியே வைத்தால் எந்த டிஸ்க்கிலும் இடம் போதாது. ஆகவே பஞ்சை அழுத்திப் பேல் கட்டுவது போல அழுத்தி வைக்கிறார்கள். 2003-ல் வந்த முறைக்கு எச்.264 என்று பெயர். 2013-ல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவிடும். யூடியூப் வி.பி.9, ஏ.வி.1 என்ற முறைகளையும் பயன்படுத்துகிறது. எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ, பிரிக்கும்போது அவ்வளவு வேலை.

பிரிப்பதற்கு மெஷினுக்குள் இரண்டு வழி உண்டு. கிராபிக்ஸ் பகுதிக்குள் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது; பழகிய லோடுமேன் மாதிரி அது அலட்டிக்கொள்ளாமல் பிரித்துவிடும். ஆனால், அது தயாரான காலத்தில் இருந்த கட்டுகள்தான் அதற்குத் தெரியும். பின்னால் வந்த கட்டு என்றால் கையை விரித்துவிடும். அப்போது சி.பி.யு. தானே உட்கார்ந்து பிரிக்கிறது. முதலாளியே மூட்டை பிரிக்க உட்கார்ந்தால் கல்லாவில் கூட்டம் நிற்கத்தானே செய்யும்?

இன்டெல் கோர் வகையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ3-4130 என்றிருந்தால் 4-ஆம் தலைமுறை. ஐ5-7400 என்றால் 7-ஆம் தலைமுறை. 4-ஆம் தலைமுறை எச்.264-ஐ நன்றாகப் பிரிக்கும், எச்.265-க்கு அதில் முழுமையான தனிப் பிரிவு இல்லை. 6-ஆம் தலைமுறை சாதாரண 8 பிட் எச்.265-ஐப் பிரிக்கும். 10 பிட் எச்.265-ம் வி.பி.9-ம் முழுமையாக வேண்டுமானால் 7-ஆம் தலைமுறை வேண்டும். ஏ.வி.1 வேண்டுமென்றால் 11-க்குப் போக வேண்டும். ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு பழைய மெஷின்களில் ஒன்றில் படம் வழுக்கிக்கொண்டு ஓட, இன்னொன்று திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

சோதனைக்குச் செலவில்லை. படத்தை வி.எல்.சி.யில் ஓடவிட்டு கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால், அது எந்தக் கட்டு என்று தெரிந்துவிடும். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சி.பி.யு. எத்தனை சதவீதம் என்று பாருங்கள். படம் திணறும்போது அது 90, 100 என்று நின்றால் குறை பிரிக்கும் இடத்தில்தான். அதற்கு ரேமோ எஸ்.எஸ்.டி.யோ மருந்தாகாது. எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷின் சீக்கிரம் ஆன் ஆகும்; கட்டு அவிழாது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது டிரைவர். விண்டோஸைப் புதிதாக ஏற்றியவர் கிராபிக்ஸ் டிரைவரைப் போடாமல் போய்விடுவதுண்டு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றிருந்தால், லோடுமேனை வேலைக்கு வைத்துவிட்டு கோடவுனைப் பூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டாலே பல மெஷின்கள் எழுந்து உட்காரும். வி.எல்.சி.யின் பிரிபரன்சஸில் ஹார்டுவேர் டிகோடிங் "டிசேபிள்" என்றிருந்தால் "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றுங்கள். யூடியூப் மட்டும் திணறினால், எச்264இஃபை என்ற இலவச இணைப்பை பிரவுசரில் சேர்த்துக்கொள்ளலாம். அது யூடியூபை எச்.264-லேயே அனுப்பச் செய்யும். வீட்டுக் கல்யாண வீடியோ எச்.265-ல் இருந்தால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இரவு போட்டுவிட்டுப் படுத்தால் எச்.264 ஆக மாறியிருக்கும். நீளமான வீடியோ என்றால் மறுநாளும் ஓடும். மூலப் பிரதியை அழித்துவிடாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜி.டி. 710, ஜி.டி. 730 என்ற மலிவுக் கார்டுகளுக்கு எச்.265-ஐ முழுமையாகப் பிரிக்கத் தெரியாது. உள்ள குறையை இன்னொரு பெட்டியில் வாங்கியது போலாகும். 2017-ல் வந்த ஜி.டி. 1030-க்கு எச்.265-ம் வி.பி.9-ம் தெரியும். ஆனால் ஏ.வி.1 தெரியாது. என்னைக் கேட்டால், கார்டுக்குக் கொடுக்கும் பணத்தை டிவியில் செருகும் ஸ்டிக் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பேன்.

சி.பி.யு. 20, 30 சதவீதத்தில் சும்மா இருந்தும் படம் திணறினால், வேறு இடத்தில் பார்க்க வேண்டும். படத்தை உள் டிஸ்க்கில் பிரதி எடுத்து ஓட்டுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் வந்த வழியில்தான் குறை, பெரும்பாலும் வை-பை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பையில் அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலும் சேரும். ஒரு லான் ஒயர் இழுத்துவிட்டால் தீர்ந்தது. ப்ளூ-ரே வீடியோவின் உச்ச அளவே வினாடிக்கு 40 மெகாபிட். 100 மெகாபிட் ஒயர் தாராளம்.

ஒழுங்காக ஓடிக்கொண்டே, கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் உதறினால் அது தாளப் பிசகு. சினிமாவுக்கு வினாடிக்கு 24 சட்டம். டிவியோ 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24 மீதியின்றி வகுக்காததால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் வரும். கோடி என்ற மென்பொருளில், படத்துக்கேற்ப டிவியின் வேகத்தை மாற்றும் அமைப்பு உண்டு. அதை ஆன் செய்ய வேண்டும். 4கே டிவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய மெஷினின் எச்.டி.எம்.ஐ. 1.4, 4கே-யை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாது. 1080, 60 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் அசைவு சீராகும்.

முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறத் தொடங்கினால் அது சூடு. மளிகைக் கடையில் இருந்த மெஷினைத் திறந்து பாருங்கள். மிளகாய்த்தூளும் மாவும் பேனில் படை படையாக இருக்கும். சூடு ஏறியதும் சி.பி.யு. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தூசி ஊதி, புது தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும்.

இதெல்லாம் வீட்டுப் பொழுதுபோக்குச் சமாசாரம்தானே என்று நினைக்க வேண்டாம். கடை சி.சி.டி.வி.யின் டி.வி.ஆர்.களில் பலவும் எச்.265-ல்தான் பதிகின்றன. அந்தப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துப் பழைய மெஷினில் போட்டால், அதுவும் இதே போல் தாவித் தாவி ஓடும். கல்லாவில் 5,000 குறைகிறது, பையன் கல்லாப் பக்கம் போனது தெரிகிறது, அடுத்த காட்சியில் திரும்பி நிற்கிறான். இடையில் அவன் சில்லறை எடுத்தானா, டஸ்டரை எடுத்தானா என்பது திணறலில் போய்விட்டது. அதை வைத்து ஒருவனை வேலையை விட்டு நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம்! டி.வி.ஆர். பெட்டியையே நேராக டிவியில் இணைத்து ஓட்டுங்கள். தன் கட்டைப் பிரிக்கும் பிரிவு அதற்குள்ளேயே உண்டு, தாவாமல் ஓடும். அப்போதும் தாவினால், பதிவே வினாடிக்குக் குறைந்த சட்டங்களில் அமைக்கப்பட்டிருக்கும். அதை 15-க்குக் குறையாமல் வைக்கும்படி கேமரா மாட்டியவரிடம் சொல்லுங்கள். டிஸ்க்கில் இடம் கூடுதலாகப் பிடிக்கும். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.