கடைக்கு வராத கார்கள்: சிரம்பான் பக்கத்துக் கணக்கு

1929-இல் எம்.ஜி. நிறுவனத்தின் எம் வகை மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காரின் விலை இங்கிலாந்தில் 175 பவுண்டு. ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது சரியாக 1,500 வெள்ளி. கப்பல் கூலி தனி. அதே காலத்தில் மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு மிட்ஜெட்டின் விலை ஆணுக்கு 3,000 நாள் கூலி, பெண்ணுக்கு 3,750 நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்து, ஒரு காசும் சோற்றுக்குச் செலவழிக்காமல் இருந்தால் முறையே பத்து ஆண்டு, பன்னிரண்டரை ஆண்டு. அந்தக் காரின் டயருக்கு வேண்டிய ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர்களின் கணக்கு இது.

சிலியாவ், லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களில் அப்படியொரு கார் நின்றிருந்தால், அது துரை பங்களாவில்தான் நின்றிருக்க முடியும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடி சிறப்பு விற்பனையாளரிடம் போகிறவர் இன்று வெறுங்கையோடு திரும்புவதற்கு முதல் காரணம் இங்கேயே இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்தவையே மிகக் கொஞ்சம்.

உலகக் கணக்கும் பெரிதில்லை. எம் வகை மிட்ஜெட் மொத்தம் 3,235. போருக்குப் பின் 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி. சுமார் 10,000. டொயோட்டா 2000ஜிடி 351. 1973-இன் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வெறும் 197. ஜாகுவார் இ-டைப் 72,000-க்கு மேல் வந்தாலும் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போன இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள், நமக்கு உதவாது. ஐந்து லட்சத்தைத் தாண்டிய எம்.ஜி.பி. ஒன்றுதான் கொஞ்சம் தாராளமாகக் கிடைப்பது.

வெளியிலிருந்து கொண்டுவரலாமே என்பார்கள். ஓப்பன் ஏபி என்னும் இறக்குமதி அனுமதி முறையில் வரும் பழைய கார் ஒரு வயதுக்கு மேல், ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். நாற்பது வயதுக் காருக்கு அந்த வாசல் கிடையாது. தனி அனுமதி வேண்டும். கிடைத்தாலும் வரி இருக்கிறது. துறைமுகம் வந்து சேர்ந்த விலை 100,000 வெள்ளி, எஞ்சின் 2,500 சிசிக்கு மேல் என்று வைத்து முழு விகிதத்தில் போட்டுப் பார்ப்போம். இறக்குமதி வரி 30 விழுக்காடு சேர்ந்தால் 130,000. அதன் மேல் கலால் வரி 105 விழுக்காடு, அதாவது 136,500. ஆக 266,500. அதற்கும் மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. முடிவில் 293,150 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வகுத்தால் 172 மாதம், பதினான்கு ஆண்டுக்கு மேல். இது வேறு கார், வேறு காலம். என்றாலும் மிட்ஜெட்டின் பத்து ஆண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

விற்பனையாளரின் நிலையும் புரிந்துகொள்ள வேண்டியதே. 300,000 வெள்ளியைப் போட்டு ஒரு காரை ஷோரூமில் நிறுத்தினால், 5 விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் மாதம் 1,250 வெள்ளி முடங்குகிறது. பழைய காருக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை என்பதால், ரொக்கம் வைத்திருப்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கியவருக்கு ரோட் டேக்ஸ் வேறு. தனியார் காருக்குரிய தீபகற்ப விகிதத்தில் 1,798 சிசி எம்.ஜி.பி.க்கு ஆண்டுக்கு 279 வெள்ளி 20 காசு. 3,781 சிசி இ-டைப்புக்கு 5,644 வெள்ளி 50 காசு. நல்ல வண்டிகள் கடைக்கு வராமல் தெரிந்தவர் கைக்குத் தெரிந்தவர் கையாகவே மாறிப் போவது இதனால்தான்.

மிச்சத்தை மழை தின்கிறது. மலேசியாவிலேயே மழை குறைந்த வட்டாரமாகச் சொல்லப்படும் ஜெலெபு நெகிரி செம்பிலானில்தான் இருக்கிறது. அங்கேயே ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர். சென்னைக்குச் சுமார் 1,400. செம்பனை மரங்களுக்கு நடுவே, தகரக் கொட்டகையில், மண் தரையில் நிற்கும் இரும்பு என்ன ஆகும்?

நம் கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு கார் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. 1996-இல் புரோட்டோன் லோட்டஸின் 80 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அந்த உறவில் 1990களின் இறுதியில் பிறந்தது சத்ரியா ஜிடிஐ. 1,834 சிசி, 138 குதிரைத்திறன், ரெக்காரோ இருக்கை, லோட்டஸ் பொறியாளர்கள் சீர்செய்த சஸ்பென்ஷன். ரோட் டேக்ஸ் 297 வெள்ளி. 2004-இல் வந்த சத்ரியா ஆர்3 150 வண்டிகள்தாம். 2010-இன் சத்ரியா நியோ ஆர்3 லோட்டஸ் ரேசிங் 25 மட்டுமே, விலை 115,000 வெள்ளி.

குறைவாகப் பிறந்த ஆர்3-யை ஆரம்பத்திலிருந்தே பொத்திப் பாதுகாத்தார்கள். ஜிடிஐ-க்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் எஞ்சினைக் கழற்றி புரோட்டோன் வீராவில் போட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த லான்சர் ஜிஎஸ்ஆர் ஹாஃப்கட்டின் டர்போ எஞ்சினை அதில் ஏற்றினார்கள். மறுபக்கம், சாதாரண 1.3, 1.5 சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரை மாட்டி ஜிடிஐ என்று விற்பதும் நடக்கிறது. ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் கிராண்டைப் பார்க்க வேண்டும். சிசி 1,834 என்று இருக்கிறதா? சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா? பிறகு பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் கிடக்கும் குழியில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால், அடியில் துரு தொடங்கிவிட்டது என்று கணக்கு.

செண்டாயானிலும் நீலாயிலும் தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்துவிட்டன. அந்த வீட்டு வாசல்களில், துணி போர்த்தி, காற்றிறங்கிய டயரோடு நிற்கும் ஜிடிஐ உங்களுடையதாக இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கழற்றிய இருக்கையையும் எஞ்சினையும் விற்காமல் வண்டியோடு வையுங்கள். கிராண்டைப் பத்திரப்படுத்துங்கள். ரோட் டேக்ஸ் விட்டுப்போயிருந்தால் இந்த மாதமே ஜேபிஜே அலுவலகத்துக்குப் போய், புதுப்பிக்க என்ன வழி என்று கேளுங்கள்.