தூசு எது, கோடு எது?

சொரசொரப்பான கண்ணாடித் துண்டு ஒன்றின் மீது சிறிது நீர் தடவிப் பாருங்கள். மங்கலாக இருந்தது தெளிவாகிவிடும். மேடுபள்ளங்களில் சிதறிக்கொண்டிருந்த ஒளி, பள்ளங்களை நீர் நிரப்பியதும் ஏறக்குறைய நேராகச் செல்கிறது. பழைய கார்ட்டூன் தொடர்களைப் புதுப்பித்து வீட்டில் பார்ப்பதற்கான வட்டுகளாக வெளியிடுவோருக்கும் இந்தத் தந்திரம் உதவுகிறது. படச்சுருளின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. டெட்ராகுளோரோஎத்திலீன் என்னும் திரவத்திற்கும் ஏறத்தாழ அதே எண்தான். சுருளை அதில் நனைத்தபடியே படியெடுத்தால், அடித்தளத்தில் விழுந்த கீறல்கள் மறைந்துவிடுகின்றன!

சுருளில் ஒட்டிய தூசுக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்குக் கணிப்பொறி வேண்டும். ஆனால் தூசு எது, ஓவியக் கோடு எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

திரைப்படச் சுருளில் விநாடிக்கு 24 படக்கட்டங்கள். கார்ட்டூனில் ஒவ்வொன்றுக்கும் தனி ஓவியம் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று கட்டங்களுக்குப் படமெடுப்பது வழக்கம். ஆகவே ஒரு கட்டத்தில் மட்டும் தோன்றி, முன்னும் பின்னும் இல்லாத புள்ளி தூசாக இருக்கலாம். கணிப்பொறி அதை நீக்கி, அடுத்த கட்டத்திலிருந்து ஒட்டுப் போடுகிறது. ஆனால் படமெடுத்தபோதே ஓவியத் தாளில் கிடந்த தூசு எல்லாக் கட்டங்களிலும் இருக்குமன்றோ? அதை ஓவியம் என்று விட்டுவிடுகிறது. ஒரே கட்டத்தில் மின்னி மறையும் வேகக் கோட்டையோ தூசு என்று அழித்துவிடுகிறது! படச்சுருளுக்கே உரிய நுண்மணிகளை வழவழப்பாக்க முனைந்தால், மெல்லிய கோடுகளும் உடன் கரைகின்றன.

ஜப்பானில் 1989 முதல் 1996 வரை ஒளிபரப்பான ‘டிராகன் பால் இசட்’ தொடர் 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது. 2007இல் அமெரிக்காவில் வெளியான அதன் டிவிடி பதிப்பில் நுண்மணிகளோடு கோடுகளின் கூர்மையும் குறைந்தது என்று ரசிகர்கள் குறைப்பட்டனர். போதாக்குறைக்கு, 4:3 படத்தை அகலத்திரைக்காக 16:9 ஆக வெட்டினார்கள். அகலம் மாறாவிட்டால் உயரத்தில் எவ்வளவு போகும்? கணக்கிட்டுப் பாருங்கள்: கால் பங்கு! சுருளின் ஓரங்களில் சற்றுக் கூடுதலாகப் படம் கிடைத்தாலும், தலை வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். என்னைக் கேட்டால், தூசே தேவலை.

நல்ல முறையில் செய்ய வேண்டுமானால், ஐயத்துக்குரிய புள்ளிகளை ஒருவர் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 24 நிமிடப் பகுதி ஒன்றில் 34,560 கட்டங்கள். இந்தத் தொடரில் 291 பகுதிகள். மொத்தம் ஒரு கோடிக்கும் மேல்.