மாமரத்தின் கவிகையை அளத்தல்

ஓசூர்ச் சாலை வழியே வந்து பொம்மனஹள்ளியில் குடியேறிய தமிழர்களுள், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் மாந்தோப்பை விட்டுவந்தோரும் உண்டு. தோப்பைக் குத்தகைக்கு விடும்போதும், உடன்பிறந்தாரோடு பங்கிடும்போதும், ‘மரம் எத்தனை?’ என்றே நாம் கேட்கிறோம். எண்ணிக்கை எளிது; ஆயினும் தோப்பின் உண்மை மதிப்பை அது காட்டுவதில்லை.

கிளையும் தழையுமாக விரிந்திருக்கும் மேற்பகுதியைக் கவிகை என்பர். மாம்பூ கிளை நுனிகளில் தோன்றுவது. வெயில் படும் நுனிகள் எவ்வளவோ, அவ்வளவே காய்ப்புக்கு இடம் உண்டு. ஆகவே கவிகையை அளந்தறிதல் வேண்டும்.

இதற்கு அளவு நாடா, தூக்குக்குண்டு, அளவு குறித்த மூங்கிற் கழி ஆகியவை போதும். நிழலை அளத்தல் கூடாது; கதிரவன் சாயச் சாய நிழலும் நீளும். கிளை நுனிக்கு நேர் கீழே குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிடுக. கிழக்கு மேற்காக ஓர் அளவும், தெற்கு வடக்காக ஓர் அளவும் எடுத்துச் சராசரி காண்க. 7 மீட்டரும் 5 மீட்டரும் இருப்பின் சராசரி 6. அதிற் பாதி 3. மூன்றை மூன்றாற் பெருக்கி, மீண்டும் 3.14-ஆற் பெருக்கினால், கவிகை கவிந்த நிலம் ஏறத்தாழ 28 சதுர மீட்டர். அடிக்கிளை முதல் உச்சிவரை உயரம் 4 மீட்டராயின், 28-ஐ நான்காற் பெருக்கி, வருவதில் மூன்றில் இரு பங்கு கொள்க. கவிகையின் கன அளவு ஏறத்தாழ 75 கன மீட்டர். தெளிக்கும் மருந்தை மதிப்பிடவும் இக்கணக்கு உதவும்.

அகலம் இருமடங்கானால் கவிந்த நிலம் நான்கு மடங்காகும். உயரமும் இருமடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். இருபது மரம் ஒருவருக்கு, இருபது மரம் மற்றவருக்கு என்பது சமபங்கு ஆகாதென்பது இதனால் விளங்கும்.

பெருமையே எப்போதும் நன்மையுமன்று. 10 மீட்டர் இடைவெளியில் எக்டருக்கு 100 மரம் நட்ட தோப்பில், சராசரி அகலம் பத்தை எட்டியதும் கிளைகள் ஒன்றையொன்று தொடும். உள்ளே வெயில் குறையும், தத்துப்பூச்சி பெருகும். அறுவடை முடிந்ததும் கவாத்துச் செய்தல் நலம். நெருக்கி நடுவோர்க்குக் குட்டை இரகமே ஏற்றது. பெங்களூரை அடுத்த ஹேசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், பங்கனப்பள்ளியையும் அல்போன்சாவையும் இணைத்து உருவாக்கிய அர்கா அருணா அத்தகையது.

இரகம், வயது, பராமரிப்பு ஆகியவற்றையும் கருதியே விளைச்சலை மதிப்பிடல் தகும். எனினும், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது ஒரு நாடாவையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்வோம். மரந்தோறும் அளவு எழுதியிருப்பின், குத்தகைப் பேச்சிலும் பங்கீட்டிலும் மனத்தாங்கலுக்கு இடம் குறையும்.