குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒரு பொருள் நிறையவே இருக்கிறது. நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது அதுதான்: கூட்டுச்சர்க்கரை. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை. சீம்பாலில் இன்னும் கூடுதல். இந்தக் கூட்டுச்சர்க்கரைகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகளை ஆய்வாளர்கள் பிரித்தறிந்திருக்கிறார்கள். இவற்றை உடைக்கும் நொதி பிள்ளையின் குடலில் கிடையாது. தன் உடம்பை உருக்கிப் பால் சுரக்கும் தாய், பிள்ளைக்கு ஆகாத ஒன்றை ஏன் இவ்வளவு சுரக்க வேண்டும்? 1899இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திஸ்ஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கிளைபிரிந்த வடிவுடைய ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அதைச் செழிக்கவைப்பது பாலிலுள்ள இந்தச் சர்க்கரைகளே என்று 1950களில் பால் கியோர்கி காட்டினார். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் அதே பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபன்டிஸ் என்ற நுண்ணுயிரின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது விடை முழுமையானது. இந்தச் சர்க்கரைகளை முழுதாக உள்ளிழுத்து உடைக்கும் மரபணுக்கள் அதனிடம் கூட்டமாக இருந்தன. ஒரு முலையில் இரண்டு உயிர்கள் பசியாறுகின்றன.

பசியாறிய நுண்ணுயிர் சும்மா இருப்பதில்லை. சர்க்கரையை உடைத்து அது வெளிவிடும் அசெட்டிக், லாக்டிக் அமிலங்களால் குடல் புளிப்பேறுகிறது. வயிற்றோட்டத்தையும் குருதித்தொற்றையும் உண்டாக்கும் பல கிருமிகள் அந்தப் புளிப்பில் தழைக்க முடியாமல் போகின்றன. இந்த நுண்ணுயிர் குறைந்த குழந்தைகளின் உடம்பில் அழற்சி அதிகம் என்றும், நோயெதிர்ப்பு அணுக்கள் நிதானம் கற்பது முதல் சில மாதங்களில்தான் என்றும் 2021இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவற்றைக் கேட்டதும் பலரின் மனம் 'நல்ல பாக்டீரியா' என்று விளம்பரம் செய்யும் பால்மா டின்னையும் மருந்துக்கடைச் சொட்டுமருந்தையும் நோக்கிப் போகிறது. என் வாதம் வேறு. சப்ரகமுவ மாகாணத் தோட்டப்புறத்தில் ஒரு குழந்தையின் குடலில் எது குடியேறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தாயின் வேலைநேரமும், ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் தட்டில் விழும் உணவும்தான்.

இந்தத் தோட்டப்புறத்தை ஒட்டிக் கிடக்கும் எம்பிலிப்பிட்டிய, இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடி. உடவளவை நீரில் நெல்லும் வாழையும் விளையும் வெக்கையான சமவெளி அது; வடமேற்கே கொலன்ன, றக்வானைப் பக்கம் ஏறினால் தேயிலை தொடங்குகிறது. இந்த வெயிலில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா, இரண்டு கரண்டி கொதித்தாறிய தண்ணீர், சளி பிடித்தால் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று மூத்த பெண்கள் கேட்பது அன்பினால்தான். ஆனால் தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். வெயில் ஏறினால் பிள்ளை அடிக்கடி குடிக்கும், அதற்கேற்பப் பால் சுரக்கும். கரண்டித் தண்ணீர் வயிற்றை நிரப்பும் அளவுக்குப் பால் குறைகிறது. கரண்டியோடும் கோப்பையோடும் வருகிற கிருமிகளோ, புளிப்புக் குறைந்த குடலில் இடம்பிடிக்கின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தாய்ப்பாலில் இலங்கை ஏற்கெனவே முன்னணியில் நிற்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பால்மா விற்பனைக் கோவை 1981இல் வந்தது. 1983இலேயே இங்கே அதற்கான கோவை பிறந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். அதே ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17 சதவீதம், தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். பால் அவ்வளவு வல்லமையுள்ளதென்றால் தோட்டத்துப் பிள்ளை ஏன் வளரவில்லை? கூலி, குடிநீர், கழிப்பறை, தாயின் இரத்தசோகை, லயத்து நெரிசல் எல்லாம் இதில் சேரும். குடல் நுண்ணுயிரைக் காட்டி அவற்றை மறைப்பது அநியாயம். ஆனாலும் 82 என்பது ஆறு மாதம் வரையுள்ள கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு குடலில் இன்னொரு குடியேற்றம் நடக்கிறது. பாலின் கூட்டுச்சர்க்கரையை நம்பியிருந்த உயிர்கள் மெல்லப் பின்வாங்க, தானியத்திலும் பருப்பிலும் காயிலும் உள்ள நாரை உடைக்கும் உயிர்கள் வர வேண்டும். அவை தானாக வருவதில்லை, அவற்றுக்குரிய உணவு வேண்டும். கோதுமை மா ரொட்டியும் சாயத் தண்ணியும் அந்த உணவல்ல.

இந்த இரண்டாம் குடியேற்றத்துக்கு மிகத் தெளிவான சான்று பங்களாதேஷிலிருந்து வந்தது. டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் தஹ்மீத் அகமதுவும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கோர்டனும் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. மிதமான ஊட்டக்குறைவுள்ள, 12 முதல் 18 மாத வயதுடைய சுமார் 120 பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு வழக்கமான ஊட்ட உணவு. மறு சாராருக்குக் கடலை மா, சோயா மா, கச்சான், வாழைக்காய் கலந்த உணவு; குடல் நுண்ணுயிரைத் தேர்ச்சி பெறவைக்கும் என்று முன்சோதனைகளில் தெரிந்த கூட்டு அது. மூன்று மாதம் கொடுத்த பிறகு, வாழைக்காய்க் கூட்டை உண்ட பிள்ளைகளே அதிக எடை ஏறினார்கள். அவர்கள் உணவில் கலோரி குறைவு என்பதுதான் இதில் வியப்பு. எலும்பு வளர்ச்சியோடும் நரம்பு வளர்ச்சியோடும் தொடர்புள்ள புரதங்களும் அவர்கள் இரத்தத்தில் உயர்ந்தன. பிள்ளை உண்பது போதாது, பிள்ளைக்குள் இருப்பவையும் உண்ண வேண்டும். 1973 முதல் நம் நாட்டில் வழங்கப்படும் திரிபோஷவில் சோளமும் சோயாவும் இருக்கின்றன. வளவைக் கரையில் வாழைத்தார் வண்டி வண்டியாகச் சந்தைக்குப் போகிறது. வாழைக்காயும் கடலையும் கச்சானும் சேர்ந்த ஒரு கூட்டை நம் பிள்ளைகளிடம் முறையாகச் சோதிக்கத் தடையென்று சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் நுண்ணுயிரையே நேராகக் கொடுத்துவிடலாமே என்பவர்கள் ஒடிசாவைச் சுட்டுகிறார்கள். அங்கே நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமத்துச் சிசுக்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது; லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் வகையொன்றை ஏழு நாள் கொடுத்ததில் குருதித்தொற்றும் மரணமும் சேர்ந்த அளவு 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது. மகத்தான விளைவுதான். ஆனால் அது பல ஆண்டுகள் தேடித் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வகை. அதோடு அதற்குத் தீனியான நார்ச்சர்க்கரையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தச் சிசுக்கள் தாய்ப்பால் குடித்தவர்கள். டின்மேல் ஒட்டிய பெயருக்கு அந்தச் சான்று உரிமையாகாது.

தாய் உண்பது எவ்வளவு தூரம் பிள்ளையைச் சேரும்? இங்கே நிதானம் வேண்டும். பாலின் கூட்டுச்சர்க்கரை வகைகளைப் பெரிதும் தீர்மானிப்பது தாயின் மரபணு. இளைத்த தாயும் பிள்ளைக்குப் போதுமான பால் சுரக்கிறாள். 'உனக்குச் சத்தில்லை, பால் ஊறாது' என்று அவளிடம் சொல்வது பிழை, கொடுமையும்கூட. ஆனால் பாலிலுள்ள கொழுப்பமிலங்களும், ஏ, பி வகை விற்றமின்களும், அயடீனும் அவள் தட்டைப் பின்தொடர்கின்றன. பிரசவத்திலும் அணைப்பிலும் அவளிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் குடல் உயிர்களும் அவள் உண்ணும் நாரை நம்பி வாழ்பவையே. நாரில்லாத தீனியால் எலிகள் நான்கு தலைமுறைகளில் பல நுண்ணுயிர்களை இழந்ததையும், பிறகு நார் கொடுத்தும் அவை திரும்பாததையும் 2016இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு காட்டியது. எலி மனிதரல்ல என்பது சரி. ஆனாலும் பிள்ளை பெற்றவளின் பத்தியத்திலிருந்து பயறு, கீரை, பலாக்காய், பழம் எல்லாவற்றையும் நாற்பது நாள் விலக்கி வைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. பூண்டும் கருவாடும் இருக்கட்டும், முருங்கைக்கீரையும் இருக்கட்டும்.

இனி வேலைநேரம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நலன்கள் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு 12 வார விடுமுறை தருகிறது. தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரையோ ஆறு மாதம். நடுவிலுள்ள அந்த இடைவெளியில் உதவக்கூடியது சட்டம் கட்டாயமாக்கிய பாலூட்டும் இடைவேளை; ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு நாளுக்கு இரண்டு. பிள்ளைக் காம்பரா எனும் குழந்தைப் பராமரிப்பிடம் உள்ள இடத்தில் தலா அரைமணி, இல்லாத இடத்தில் தலா ஒருமணி. ஆனால் கொழுந்து மலை காம்பராவிலிருந்து தூரம், சம்பளம் கிலோவில். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அந்தப் பயத்தில் இடைவேளையை விட்டுக்கொடுக்கும் தாயின் பிள்ளைக்குப் புட்டிப்பால் போகிறது, மார்பில் பால் வற்றத் தொடங்குகிறது. நாளுக்குப் பறிக்க வேண்டியது 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர வேலையில் இரண்டு அரைமணி இடைவேளைகள் சேர்ந்த ஒரு மணி நேரம் என்பது இரண்டேகால் கிலோ. பாலூட்டும் தாய் பறிக்க வேண்டிய அளவிலிருந்து அந்த இரண்டேகால் கிலோவைக் கழித்துவிட்டு முழுப்பேர் போடும்படி தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும்.